பதிவேட்டில் ஏறாத காயம்

அந்தச் சிஸ்டரின் நெற்றியில் நான்கு தையல். போட்டவர் அன்றிரவு பணியில் இருந்த டியூட்டி டாக்டர். ஆனால் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஒரு வரிகூட இல்லை. அடிபட்டு வரும் வெளியாருக்கெல்லாம் ஏ.ஆர். போட்டுப் போலீசுக்குத் தகவல் அனுப்பும் அந்தத் தனியார் மருத்துவமனை, தன் ஊழியருக்குப் போடவில்லை. பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

ஐ.சி.யூ.வில் இருந்த பெரியவர் நள்ளிரவுக்கு மேல் இறந்துபோனார். நிலைமை மோசம் என்று மாலையிலேயே குடும்பத்துக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் பெரிய டாக்டர். அவர் சொல்லவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தவர் சிஸ்டர். மகன் அவரை அறைந்து தள்ள, மருந்து டிராலியின் விளிம்பில் நெற்றி மோதியது. தகப்பனை இழந்தவனின் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. சிகிச்சையில் எந்த முடிவும் எடுக்க முடியாத ஒரு பெண் மீது அது இறங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காலையில் வழக்கறிஞரான என்னிடம் வந்த சிஸ்டரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ‘தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக’ அங்கே ஏ.ஆரில் பதிவானது. சி.சி.டி.வி. காட்சியை அழியாமல் வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு அன்றே நோட்டீஸ் அனுப்பினேன்.

எஃப்.ஐ.ஆரில் இருந்தவை இ.த.ச. 341, 323, 294(பி). மூன்றும் ஜாமீனில் விடக்கூடியவை, மகனை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டார்கள். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அரசு, தனியார் என்ற பேதம் அதில் இல்லை. செவிலியரும் செவிலிய மாணவியரும் அதற்குள் வருவார்கள். ஜாமீனில் விட முடியாத குற்றம், 10 ஆண்டு வரை சிறை. எஸ்.பி.யிடம் மனு கொடுத்த பிறகே அந்தச் சட்டத்தின் பிரிவைச் சேர்த்து நீதிமன்றத்துக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் போனது.

ராஜியாகப் போகச் சொல்லி நிர்வாகம் நெருக்கியது. “நாளைக்கும் நான் அதே கதவைத் திறந்துதானே சார் வெளியே வரணும்?” என்றார் சிஸ்டர். அதற்குமேல் நான் ராஜி பற்றிப் பேசவில்லை.

நீதிமன்ற அனுமதியோடு அரசு வழக்கறிஞருக்கு உதவியாக ஆஜரானேன். எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது அந்த ஏ.ஆரைத்தான்: இரவில் பட்ட காயத்துக்கு மறுநாள் பதிவா? கால் தடுக்கி விழுந்துவிட்டுப் பழி போடுகிறீர்களா? டியூட்டி டாக்டர் கூண்டேறி, தையல் போட்டது தான்தான் என்றும், எழுத வேண்டாமென்று நிர்வாகம் சொன்னது என்றும் சாட்சி சொன்னார். அதற்குள் அவருக்கு அங்கே வேலை போயிருந்தது. அவர் சாட்சியமும் சி.சி.டி.வி. காட்சியும் ஒத்துப்போக, குற்றம் உறுதியானது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது.