தூக்க இன்னொரு தோள்

எங்கள் கரியாலூர் மலைப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடை பழக்குவது மேடும் பள்ளமும்தான். அதனாலேயே ஒரு பையன் அடிக்கடி விழுந்தால், ஏற்றத்தில் பின்தங்கினால், "சோம்பேறி" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். அதைப் பார்த்து நல்ல தேகக்கட்டு என்று மகிழ்வதும் உண்டு. அவன் தரையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். கையை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பைத் தானே பிடித்து ஏறுகிறவன்போல எழுந்தால் அது சோம்பல் இல்லை. தசைச்சிதைவு நோயில் 1879இலேயே கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த அடையாளம் அது. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். முன்பு இதற்கெல்லாம் தூரம் போகவேண்டியிருந்தது. இப்போது கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தசைச்சிதைவு நோயில் பல வகை உண்டு. ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வருவது டுஷேன் வகை. தசை இழைகள் சுருங்கி விரியும்போது கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அதை உண்டாக்கும் மரபணு பழுதானதால் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடுகிறது. பிறகு நோய் இதயத்தையும் மூச்சையும் தொடுகிறது. மலைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று: இந்தத் தசைகளுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கெடுதல். இறங்கும்போதுதான் தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று சரிவில் விரட்டாதீர்கள்.

நோயின் பெயர் தெரிந்த மறுநாளே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். யார் குற்றம்? பெரும்பாலும் தாய்தான் கூண்டில் நிற்பாள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு இந்தப் பழுது தாய்வழியில் வருவது உண்மை. அது தன்னிடம் இருப்பதே பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. மீதிப் பேருக்குக் குழந்தையிடமே புதிதாக உண்டாகிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் டுஷேனுக்குப் பொருந்தாது. பெண் பிள்ளைகளையும் தாக்கும் இடுப்பு, தோள் தசைச்சிதைவில் பல வகைகளுக்குத்தான் அது பொருந்தும். அங்கே தாய் தகப்பன் இருவரிடமும் பழுது இருந்தாக வேண்டும். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது அறிவு. ஒருத்தியைப் பழி சொல்லிச் சொல்லியே கொல்வது பாவம்.

அவளுக்கு ஏற்கெனவே பாரம் போதும். நாலு வயதில் இடுப்பில் வைத்துக்கொண்ட பிள்ளையைப் பதினாலு வயதிலும் தூக்குகிறாள். கட்டிலிலிருந்து, கழிப்பறைக்கு, குளியலுக்கு. இரவில் பலமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறாள். அவள் முதுகு போகிறது, வேலை போகிறது, தூக்கம் போகிறது. மற்ற பிள்ளைகள் கேட்காமலே அடங்கிப்போகிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பாதை இல்லாத நாளில் நோயாளியை இந்த மலையில் எப்படி இறக்கினோம்? மூங்கிலில் தூளி கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினோம். யார் வீட்டு நோயாளி என்று கேட்டதில்லை. அது ஓர் இரவின் பாரம். இந்த நோயோ பல வருடத்துப் பாரம். அங்கேதான் தோள் மாற்ற ஆளில்லாமல் போகிறது. என் வருத்தமெல்லாம் இதுதான்.

அப்படித் தோள் கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. சேலத்தில் வானவன்மாதேவி, இயல் இசை வல்லபி என்று இரு சகோதரிகள். இருவருக்கும் தசைச்சிதைவு. தாங்களே பிறர் உதவியில் இருந்தபோதும், தங்களைப் போன்றவர்களுக்காக 2009இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வானவன்மாதேவி 2017இல் மறைந்தார். நோயை அவர் வெல்லவில்லை. அவரால் எத்தனையோ வீடுகள் தனியாக அழுவது நின்றது. தென்காசி ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை அதன் நிறுவனர் ராமகிருஷ்ணனோடு சேர்ந்து வளர்த்த சங்கரராமனும் தசைச்சிதைவோடு சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்தான். படிப்பால் பட்டயக் கணக்காளர். இந்த நோய் உள்ள பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. நிலத்தை விற்று எண்ணெய்க்கும் லேகியத்துக்கும் கொட்டாதீர்கள். மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை டுஷேன் பிள்ளைகளின் நடையைச் சில காலம் நீட்டிக்கும். அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மூட்டு மடங்கி இறுகாமல் இருக்கத் தினமும் கைகாலை மெல்ல நீட்டிவிட வேண்டும். இதயத்தையும் மூச்சையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும்; கிராம செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஊரில் நடக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை இருந்தால் இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். காலையில் பள்ளிக்குத் தூக்கிப்போக ஒருவர், மாலையில் கொண்டுவர ஒருவர் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் நீங்கள் பிள்ளையோடு இருந்து, அந்தத் தாயைத் தூங்க விடுங்கள்.