முதலில் வெட்டுவது கட்டியை அல்ல

“டாக்டர், கார்டு முதல்ல!” என்றார் டெக்னீஷியன் அக்கா. கத்தியோடு குனிந்த முதுநிலை மாணவியின் கை நின்றது. விரையோடு சேர்த்து எடுக்கப்படும் தண்டுதான் கார்டு. அதன் மேல்நுனியில் ஒரு சில்லு எடுத்து, திசு வைக்கும் தனி கேசட்டில் போட்ட பிறகே கட்டியைத் திறக்கிறார்கள்.

“கட்டிய முதல்ல தொட்டா செல்லு கத்தியில ஒட்டிக்கும் சார். அதே கத்தியால கார்டை வெட்டினா, நோய் மேலவரைக்கும் ஏறிட்டாப்ல ஸ்லைடுல தெரியும்” என்று அக்கா எனக்கு விளக்கினார்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் நோயியல் கூடம் அது. மேசையில் இருந்தது இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞரின் விரை. விரைப்புற்று பெரும்பாலும் இளைஞர்களைத்தான் பிடிக்கிறது. வலியில்லாத வீக்கம், சொல்லக் கூச்சம். அதிலேயே மாதங்கள் போய்விடுகின்றன.

விரையைப் பிளந்ததும் உள்ளே வெளிர் சாம்பல் நிறத்தில், வெட்டிய உருளைக்கிழங்கு போல ஒரே சீரான பரப்பு. “செமினோமா மாதிரி இருக்கு” என்று விரைப்புற்றின் ஒரு வகையைச் சொன்னார் மாணவி. அக்கா பதில் சொல்லவில்லை. ஓர் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளாக, கொழகொழவென்று இருந்த இடத்தை விரலால் காட்டினார். அங்கிருந்தும் ஒரு துண்டு எடுத்தார்கள். கட்டியின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுக்க வேண்டும் என்பது விதி. நிறமோ பதமோ மாறும் இடம் எதையும் விடக்கூடாது என்பது அக்காவின் விதி.

துண்டுகள் இரவெல்லாம் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறி, பாரஃபின் மெழுகை உறிஞ்சிக்கொள்கின்றன. மறுநாள் அக்கா, அவற்றை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் முன் உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்தினார்கள். ஒரு சீவலின் தடிமன் மூன்று, நான்கு மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் அப்படி இருநூற்றைம்பது சீவல்களுக்கு மேல் அடங்கும். பெருமூச்சு விட்டாலே பறந்துவிடும். சீவல்கள் நாடாவாக நீண்டு வர, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டில் ஏந்தினார். சாயம் ஏறினால் செல்லின் கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

சாயம் முடியும்வரை பேராசிரியை தன் பெட்டியிலிருந்த பழைய ஸ்லைடுகளைக் காட்டினார். டெரட்டோமா என்ற வகையில் குருத்தெலும்பும் குடலின் உள்தோலும் அக்கம்பக்கமாக இருந்தன. விரைக்குள் இவற்றுக்கு என்ன வேலை! விரைக்கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விந்தை உண்டாக்கும் மூலச் செல்களிலிருந்து வருபவை. அந்தச் செல்லுக்கு எந்தத் திசுவாகவும் மாறும் வல்லமை உண்டு. கோரியோகார்சினோமா என்ற வகையில் எங்கு பார்த்தாலும் ரத்தம். இடையே நஞ்சுக்கொடியில் காணும் பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள்.

பிறகு அந்த இளைஞரின் ஸ்லைடுகள். வெளிறிய உடலும் தெளிவான எல்லையுமாகச் செல்கள் பாய்பாயாகக் கிடந்தன. நடுவே மெல்லிய நார்ச்சுவர்கள், அவற்றில் வெள்ளணுக்கள். செமினோமாவேதான். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு ஏறியிருந்தது. அதற்குக் காரணமாகக்கூடிய கல்லீரல் கோளாறும் இல்லை. “சுத்தமான செமினோமா இதைச் சுரக்கவே சுரக்காது. எங்கேயோ இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு” என்றார் பேராசிரியை.

கடைசித் தகட்டில், அக்கா விரல் காட்டிய ஓரத்தில், அது கிடைத்தது. வலைப்பின்னலாகத் திசு, ஓரிடத்தில் நடுவே சின்ன ரத்தக்குழாய், அதைச் சுற்றிச் செல்கள் வேலி கட்டி நின்றன. யோக் சாக் கட்டியின் அடையாளம் அது. மிச்சத் திசு இருந்த வாளியைத் திறந்து மேலும் துண்டுகள் எடுக்கச் சொன்னார் பேராசிரியை. எந்த வகை எத்தனை சதவீதம் என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

செமினோமா கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும். மற்றவை அப்படிக் கரையா. டெரட்டோமா மருந்துக்கும் மசியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். 1974இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பரவிய நிலையில்கூட இந்த நோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடிகிறது. எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்பதை முடிவுசெய்ய வகை தெரிந்தாக வேண்டும். அந்த வகை ஒரு விரல் நுனியில் தொங்கியதைப் பார்த்த எனக்கு அக்காவின் மேல் வந்த மரியாதை சாதாரணமானதல்ல. அறிக்கையில் அவர் பெயர் இருக்காது.

நான் கிளம்பும்போது வெளியூரிலிருந்து இன்னொரு விரை வந்தது. சின்ன டப்பாவில் திணித்து, மேலே திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கொஞ்சம். விரையின் உறை கெட்டியானது, மருந்து எளிதில் உள்ளே இறங்காது. திறந்தபோது நடுப்பகுதி கூழாகியிருந்தது. அந்த இடத்தில் என்ன திசு இருந்தது என்று இனி எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. பேராசிரியை அப்போதே தொலைபேசியை எடுத்தார். “பெரிய டப்பா, பத்து மடங்கு ஃபார்மலின், எடுத்த அன்னிக்கே அனுப்புங்க. நீங்க வெட்ட வேண்டாம், கார்டை எடுத்துட்டு நாங்களே திறந்துக்கறோம்” என்றார். எதிர்முனை எழுதிக்கொள்கிறதா என்று கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.