பன்னிரண்டு படங்களும் ஒரு மூணாற்றுப் பயணமும்



கைப்பேசியில் நொடிக்கொரு படம் எடுக்கும் இக்காலத்தில், பிலிம் சுருள் போட்டுப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் புறப்பட்ட என்னைக் கண்டு அலுவலக நண்பர்கள் நகைத்தார்கள். பாலக்காட்டில் ரயில்வே எழுத்தராக இருக்கும் எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கலைப் பயிற்சி எதுவும் கிடையாது. ஆயினும் இம்முயற்சிக்கு ஒரு காரணம் இருந்தது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தாயார் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து கிள்ளினார். இவ்வாண்டு அவருக்கு ஓய்வு. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது மலைத்தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர் அனைவரும் அறிந்ததே. நான் பிறந்து வளர்ந்த அந்த வீட்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கைப்பேசியில் எடுத்திருந்த சிலவும் அது பழுதானபோது போய்விட்டன. காலஞ்சென்ற என் தந்தையாரின் அக்பா கிளிக் 3 காமிரா மட்டும் தகரப் பெட்டியில் கிடந்தது. சுருள் வாங்கக் காசில்லாமல் அது பெரும்பாலும் உறங்கியே கழித்த கருவி. அதனைக் கொண்டே அவ்வீட்டைப் படம் பிடிப்பது என்று உறுதி கொண்டேன்.

அது மிக எளிய காமிரா. வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை. 120 அளவுச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். ஏறத்தாழப் பத்தடிக்கு அப்பால் உள்ளவையே தெளிவாகப் பதியும். ஒரு காலத்தில் நம் உதகமண்டலத்திலேயே, 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை ‘இந்து’ என்ற பெயரில் சுருள்களைச் செய்து வந்தது. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது. இன்று சுருள் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது; விலையும் அதிகம்.

முன்னர் ஸ்டுடியோ நடத்திய திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் எனக்கு ஆசிரியராக வாய்த்தார். அண்ணாச்சி என்றே அவரை அழைப்பேன். முதற்சுருளை முதலமடை ரயில் நிலையத்து ஆலமரங்களின் கீழ் எடுத்து முடித்து, இரவில் குளியலறையை இருட்டாக்கி நானே கழுவினேன். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கருக்கும். வெளிச்சம் படாததை ஹைப்போ கரைத்து நீக்கும். பின்னர் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். கேட்க எளிதாயிருந்தது. கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தபோதோ, பன்னிரண்டு கட்டங்களும் அடுப்புக்கரியாக இருந்தன!

“தம்பி, மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரி. படம் கறுக்காமல் என்ன செய்யும்?” என்றார் அண்ணாச்சி.

அன்றுமுதல் மருந்துப் புட்டிகளை மண்பானைத் தண்ணீரில் இறக்கி வைத்துக் குளிரச் செய்தேன். பானை போதாத நாளில் பனிக்கட்டி போட்டேன். மூன்றாம் சுருளில் ஆலமரத்து விழுதுகள் தெளிவாகத் தோன்றின. இனி மூணாறு போகலாம் என்று துணிவு பிறந்தது.

விடியற்காலை ரயிலேறிப் பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து பஸ். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டின் வழியே செல்லும் விந்தை இப்பாதையில் உண்டு. அமராவதி அணைப் பக்கத்தைக் கடந்தால் சின்னாற்றின் வறண்ட காடு. மழை மறைவுப் பகுதியாதலால் முட்புதர்களும் கள்ளிகளும் மிகுதி. அதனைத் தாண்டினால் சந்தன மரங்களும், பழங்காலக் கல்லறைகளாகிய முனியறைகளும், கரும்புத் தோட்டங்களும் உள்ள மறையூர். வெல்லம் காய்ச்சும் மணம் பஸ்ஸுக்குள் வந்தது. காமிராவை எடுக்கக் கை துடித்தது. ஆனால் என்னிடம் இருந்தவை பன்னிரண்டே படங்கள். கண்ணால் கண்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூணாற்றில் நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். ரயில்வேக்காரனாதலால், குண்டளைப் பள்ளத்தாக்கில் முன்பு ஓடிய ரயிலைப் பற்றி அறியும் ஆவல் எனக்கு எப்போதும் உண்டு. 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது அது. டாப் ஸ்டேஷன் வரை சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. இன்று அந்த ரயிலின் உருவத்தை நாம் அறிவது பழைய புகைப்படங்களால்தான். ஆனால் அப்படங்களில் காணும் கூலியாட்கள் யார், எவ்வூரார், அவர் மக்கள் எங்கே உள்ளனர் என்பதை என்னால் அறிய முடியவில்லை. எஞ்சினின் வரலாறு தெரிகிறது. தண்டவாளம் போட்டவன் பெயர் தெரியவில்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை நாம் மறக்கவில்லை. 70 பேரை இழந்தோம். அவர்களில் 4 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்வீடுகளின் சுவர்களில் மாட்டியிருந்த படங்களும் அன்று மண்ணுக்குள் போயிருக்கும். இந்நினைவோடுதான் தாயாரின் லயத்தை அடைந்தேன்.

“இந்த இடிஞ்ச வீட்டையாடா படம் புடிக்கப் போற? இரு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வர்றேன்” என்றார் அம்மா.

அடுப்படி, வாசற்படி, பக்கத்து வீட்டார், எதிரே தேயிலைச் சரிவு என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். பனிமூட்டம் விலகுவதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அம்மாவின் முகத்தை மட்டும் மிக அருகே சென்று இரண்டு முறை எடுத்தேன். கடைசிப் படம் ஒன்று எஞ்சியபோது, பத்தடிக் கணக்கு நினைவு வந்து, பின்னால் நகர்ந்து நின்று எடுத்தேன்.

பாலக்காடு திரும்பிச் சுருளைக் கழுவினேன். அடுப்படியில் வெளிச்சம் போதாமல் மூன்று படங்கள் விழவில்லை. ஆசையோடு அருகே சென்று எடுத்த இரண்டிலும் அம்மாவின் முகம் கலங்கியிருந்தது. பத்தடி விலகி எடுத்த கடைசிப் படத்தில் அம்மா தெளிவாக நிற்கிறார். அவருக்குப் பின்னே கதவு, கதவின் மேல் எழுதிய வீட்டு எண், திண்ணையில் கவிழ்த்து வைத்த குடம், என் தந்தையார் நட்ட ரோஜாச் செடி ஆகிய எல்லாம் இருக்கின்றன. அப்படத்தைப் பார்த்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் குடத்தை எடுத்து உள்ளே வச்சிருக்கலாம்” என்றார்.

சென்ற மாதம் அவ்வீட்டை ஒப்படைத்துவிட்டோம். அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் பிலிம் காமிரா வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலுள்ள பழைய படங்களைத் தேடி எடுங்கள். மை ஊறிவிடுமாதலால் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். நெகட்டிவ் இருந்தால், நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காதபடி காகித உறையிலிட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.

நான் என் படத்தின் பின்னே அம்மாவின் பெயரையும் லயத்து எண்ணையும் எழுதிவிட்டேன்.