நாம் சென்ற கப்பல்

“வாத்தியாருக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று எம்மோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. 2021ஆம் ஆண்டிலே ஆசிரியர் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலை மாதக்கணக்கிற் புறக்கணித்தவர்களுள் நாமும் ஒருவர். சுரண்டல் என்னும் சொல்லை மேடையிலும் வகுப்பறையிலும் தாராளமாகவே வழங்கிவந்திருக்கின்றோம். அப்படிப்பட்ட நாம் 2024ஆம் ஆண்டின் இறுதியிலே மிதக்கும் மாளிகையொன்றில் நான்கு இரவுகள் உண்டு உறங்கி வந்தோம் என்றால் நண்பருக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்! போனது உண்மை, மகிழ்ந்ததும் உண்மை. இவ்விரண்டையும் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்லுவோம்.

எண்ணம் எம்முடையதன்று, ரொறன்ரோவில் வாழும் எம் அண்ணருடையது. அவர் அம்மாவைக் கண்டு எட்டு ஆண்டுகளாகிவிட்டன. அம்மாவுக்குக் கனடா போகும் வாய்ப்புக் கைகூடவில்லை. அண்ணருக்கோ ஊருக்கு வர மனமில்லை. காரணத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை, வாசகர் அறிவர். ஆகவே இரு சாராரும் சந்திப்பதற்கு நடுவிலே ஓரிடம் தேவைப்பட்டது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசாக் கேளாத சில நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. அங்கிருந்து பினாங்குக்கும் தாய்லாந்தின் புக்கெற்றுக்கும் சென்று மீளும் கப்பலொன்றை அண்ணியார் தேடிப் பிடித்தார். பெட்டியை ஒரு தடவை அவிழ்த்தாற் போதும், சமையல் இல்லை, வாகனத்துக்கு ஓட வேண்டியதில்லை, முழங்கால் நோவுள்ள அம்மா ஒரு கதிரையிலே இருந்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கப்பற் கட்டணம் அண்ணருடையது, சிங்கப்பூர் வரையிலான விமானக் கட்டணம் எம்முடையது என்று தீர்மானமாயிற்று. மனைவியார் கட்டிவந்த சீட்டுப் பணம் அதிலே கரைந்தது.

பிறகு இரண்டு மாதம் இரவுகளிலெல்லாம் தொலைபேசியிலே திட்டமிடல். கப்பலின் தளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை காண்பவர்போல நாம் ஆராய்ந்தோம். மேற்றளமும் கப்பலின் இரு முனைகளும் அதிகம் ஆடும். நடுப்பகுதியிற் கீழ்த்தளத்து அறையே குமட்டலுக்கு அஞ்சுவோருக்கு உகந்தது. கடலை நோக்கிய அறைக்கு ஒரு விலை. வெளிமாடம் வைத்த அறைக்கு அதனினும் மேலான விலை. சாளரமே இல்லாத உள்ளறைக்கு மலிவு விலை. அம்மாவுக்குச் சாளரம், எமக்கு உள்ளறை. இவை போக, தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று ‘சேவைக் கட்டணம்’ என ஒன்றும் கணக்கிலே இருந்தது. ஊழியருக்கு நாம் மனமுவந்து கொடுக்கும் சந்தோசப் பணத்தைக் கொம்பனியே முன்கூட்டி அறவிட்டுக்கொள்கிறதாம். அண்ணர் அதையும் கட்டிவிட்டார். அன்று அந்த வரியை நாம் நின்று வாசிக்கவில்லை.

தடை சொன்னவர் அம்மா ஒருவரே. வடமராட்சிக் கரையிலே பிறந்து வளர்ந்தவர் அவர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதிக்குப் பின்னர் கடற்கரைப் பக்கமே போனதில்லை. அன்று கடல் கொண்டுபோனவர்களுள் அவருடைய தங்கையாரும் ஒருவர். “கடலுக்கை போய் என்னத்தைக் கொண்டாடுறது?” என்று கேட்டார். மூத்த மகனைக் காணும் ஆசைதான் முடிவில் வென்றது. பயணப் பெட்டியிலே பருத்தித்துறை வடைப் பொட்டலங்கள் ஆறு ஏறின.

சிங்கப்பூர் மரீனா பே துறையிலே அண்ணரும் அம்மாவும் சந்தித்ததைப் பற்றி எழுதமாட்டோம். அது எழுத்துக்கு அடங்காது.

கப்பலோ ஒரு சிறு பட்டினம். நீச்சற் குளங்கள், நாடக அரங்கு, நூலகம், பிள்ளைகள் வழுக்கி விளையாடும் நீர்க்குழாய்கள். எம் ஒன்பது வயது மகளும் அண்ணரின் மக்கள் இருவரும் முதலிலே ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமல் விழித்தனர். இரண்டாம் நாட் காலையில் மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி பிறந்துவிட்டது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மீதி கூச்சல். மாலையிலே மலாக்கா நீரிணையூடு கப்பல் வடக்கு நோக்கிச் செல்கையில், தூரத்துக் கரை விளக்குகளைப் பார்த்தபடி அண்ணரும் நாமும் இளமைக் கதைகள் பேசினோம். பள்ளிக்கூடத்து மணியோசை கேளாத நாட்கள், திருத்த வேண்டிய கொப்பிக் கட்டில்லாத இரவுகள். உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை என்று எத்தனையோ தடவை பேசியிருக்கின்றோம். அந்த ஓய்வு எப்படியிருக்கும் என்பதை எம் உடம்பு அப்பொழுதுதான் அறிந்தது.

மறுநாட் காலை உணவு மண்டபத்திலே, உண்ட கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்ற இளைஞன் ஒருவன் எம்மைக் கண்டதும் திகைத்து நின்றான். மார்பிலே அணிந்த பட்டையில் அவன் பெயரும், அதன் கீழே எம் நாட்டின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தன.

“சேர்... நீங்களோ?”

எம்மிடம் நான்கு ஆண்டுகள் தமிழ் படித்தவன். பெயரை இங்கு எழுதவில்லை. அவன் வேலை அவனுக்கு வேண்டும். வகுப்பிலே கட்டுரையென்றால் அவனுடையதைத்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். வல்வெட்டித்துறையிலே கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்த வரலாற்றை நாம் ஒருநாட் சொன்னபோது, அதை வைத்து ஆறு பக்கம் எழுதி வந்தவன். பல்கலைக்கழகம் போவான், எம்மைப் போலத் தமிழ் படிப்பான் என்று எண்ணியிருந்தோம். அவன் உயர்தரப் பரீட்சை எழுதிய 2022ஆம் ஆண்டிலே நாடு முறிந்து விழுந்தது. தந்தையின் வள்ளம் மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் கிடையாமல் வாரக்கணக்கில் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. அவ்வாண்டு ஆவணியிலே அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியது. அதன் பின்பு அவனை நாம் காணவில்லை. கொழும்புக்குப் போய்விட்டான் என்றார்கள். நாமும் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆற்றை பெடியன் மோனை நீ? சாப்பிட்டியே? இதிலை இரன்.”

“இல்லையம்மா. நாங்கள் இதிலை இருக்கேலாது.” அவன் சிரித்தபடிதான் சொன்னான். சொல்லும்போது அவன் கண்கள் மேற்பார்வையாளர் நின்ற பக்கம் ஒரு தடவை போய் மீண்டன. பிறகு எம் கோப்பைகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவிலுள்ள ஏதோவொரு முறையில் எம்மிடம் பழகியவன், எம் எச்சிற் கோப்பையைச் சுமந்து போவதைப் பார்த்துக்கொண்டு நாம் அமர்ந்திருந்தோம்.

அன்று பிற்பகல் பினாங்கை அடைந்தோம். ஜோர்ஜ் ரவுன், 2008ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த நகரம். குவீன் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். அவருக்கு அது வெறும் சுற்றுலா அன்று. அவருடைய பாட்டனார் மலாயா இரயில்வேயிலே எழுதுவினைஞராக இருந்தவர். அந்த உழைப்பிலே கட்டிய கல்வீட்டை ஊரார் இன்றும் ‘பென்சனியர் வீடு’ என்றே சொல்வர். அம்மாவுக்கு அதிலே பெருமை. எமக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான்.

ஆனால் அக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை நிறைத்தவர் எம் பாட்டனார் வகையினர் மட்டுமா? நாகபட்டினத்திலும் சென்னையிலும் ஏறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களுமல்லவா! 1926ஆம் ஆண்டில் நீரிலிறங்கி, 1970களின் தொடக்கம் வரை அவ்வழியிலே ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பல், ஆயிரக்கணக்கானோரைத் திறந்த தளத்திலே படுக்கவைத்துக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஆங்கிலம் படித்தவர். மேசையும் பேனாவும் அவருக்கு. இரப்பர் மரங்களின் கீழே நின்றவர் மற்றவர். தோட்டக் கிளாக்கராக இருந்த எம்மவர் அவர்களுடைய பெயர்களை ‘செக்ரோலிலே’ பதிந்ததையும், நாட்கூலியை வெட்டியதையும் எம் குடும்பக் கதைகள் சொல்வதில்லை. எம்முடன் வந்த பயணியொருவர், எதிர்க்கரையிலே தெரியும் கெடாவைக் காட்டி, அதுதான் 1025ஆம் ஆண்டிலே இராசேந்திரன் வென்ற கடாரம் என்று தம் பிள்ளைகளுக்குப் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். மெய்க்கீர்த்திகளை நாமும் பாடமாகப் படித்தவர்தாம். அக்கலங்களிலே துடுப்பு வலித்த ஒருவனுடைய பெயர்கூட அவற்றிலே இல்லை.

புக்கெற்றிலே பெரிய கப்பல் கரையை அணுகவில்லை. நடுக்கடலில் நிறுத்திச் சிறு படகுகளிலே எம்மை ஏற்றினார்கள். இதை நாம் திட்டமிடும்போது கவனித்திருக்கவில்லை. அம்மா வரமாட்டார் என்று எண்ணினோம். அவர் ஒன்றும் பேசாமல் அண்ணரின் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினார். 2004ஆம் ஆண்டு அதே நாளிலே அதே கடற்கோள் இக்கரையையும் அழித்தது என்பதை அண்ணர் சொன்னபோது, சிறிது நேரம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப இது அந்தக் கடல்தான்” என்றார். பின்பு சேலையைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும்வரை போய் நின்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்! இதற்காகவே அண்ணர் இன்னொரு தடவை கடன்பட்டாலும் தகும் என்று எமக்குத் தோன்றியது.

நான்காம் நாள் முழுவதும் கடலிலேதான். அன்று அவனோடு விட்டுவிட்டுப் பேச முடிந்தது. மேசை துடைக்கும் வேளையில் நான்கு வார்த்தை, தேநீர் கொண்டுவரும் வேளையில் நான்கு வார்த்தை. எட்டு மாத ஒப்பந்தம். அதற்குள்ளே ஞாயிறு என்றொரு நாள் இல்லை. காலை, பகல், இரவு என்று துண்டு துண்டாக நாளுக்குப் பத்துப் பதினொரு மணி நேர வேலை. வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகருக்குக் கொடுத்த பணத்தின் வட்டி இப்பொழுதுதான் முடிந்ததாம். கடலோடிகளிடம் அப்படிப் பணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் சொல்கிறது. அச்சமவாயமே ஓய்வு நேரத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறது. ஏழு நாளிலே குறைந்தது 77 மணி ஓய்வு என்பது அதிலுள்ள ஒரு முறை. வாரத்தின் 168 மணியிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். 91 மணி வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்படவில்லை! வேலை வாரத்துக்கு 72 மணிக்கு மேற்படலாகாது என்பது இன்னொரு முறை. இரண்டில் எதைக் கைக்கொள்வது என்பதைக் கப்பல் பறக்கவிடும் கொடியின் நாடு தீர்மானிக்கும். எம் கப்பலின் பின்புறத்திலே நசாவு என்று எழுதியிருந்தது. அது பகாமாஸ் தீவுகளின் தலைநகர். அந்த ஊர்க் கடலை அவன் கண்டதேயில்லை.

“உன்னைப் பல்கலைக்கழகத்திலை பாக்க நினைச்சனான் தம்பி” என்றோம்.

“கோவியாதையுங்கோ சேர். பட்டம் எடுத்தவைக்கு ஊரிலை எவ்வளவு குடுக்கினம்?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினான். தொகையைச் சொன்னோம். அவன் பேசாமல் மேசையைத் துடைத்தான். தந்தையின் இயந்திரக் கடன் தீர்ந்தது. தங்கை உயர்தரம் படிக்கிறாள். இவற்றைச் சொல்லும்போது அவன் முகத்திலே வெளிச்சம் இருந்தது. அவனை இரக்கத்துக்குரியவனாக மட்டும் எழுதுவது அவனுக்குச் செய்யும் அநியாயமாகும்.

போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். “சேர், கடைசியிலை ஒரு படிவம் அனுப்புவினம். என்ரை பேரையும் ஒருக்கா எழுதிவிடுங்கோ. அதைப் பாத்துத்தான் அடுத்த ஒப்பந்தம்.”

அம்மா எஞ்சியிருந்த வடைப் பொட்டலங்கள் இரண்டையும் ஒரு துவாயிலே சுற்றி அவன் கையில் வைத்தார். அவன் அதைத் தட்டின் கீழே மறைத்துக் கொண்டுபோனான்.

படிவம் நாம் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மின்னஞ்சலிலே வந்தது. பத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒவ்வொரு கேள்வியும் கேட்டது. எல்லாவற்றுக்கும் பத்து இட்டோம். உள்ளறையின் காற்றோட்டம் பத்துக்குத் தகுதியானதன்று. ஆயினும் எந்தப் புள்ளி யாரைச் சென்று தாக்கும் என்று தெரியாதபடியால் அதற்கும் பத்து. அவனுடைய கட்டுரைகளுக்கு நாம் ஒருபோதும் முழுப் புள்ளி கொடுத்ததில்லை.

அந்த வார இறுதியில், கப்பலிலே எடுத்த படமொன்றைக் கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். தாயார் அதை நெடுநேரம் பார்த்தார். மெலிந்துவிட்டானோ என்று கேட்டார்; இல்லை என்றோம். வடை கொடுத்ததை அம்மா இரண்டு தடவை சொன்னார். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அத்தாயார் கேட்டார்:

“அவன் படுக்கிற இடத்தையும் பாத்தனீங்களோ சேர்? காத்து வருமோ?”

அவனுடைய அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அங்கு இறங்கும் கதவைப் பயணிகள் திறக்கக் கூடாது. நாம் பார்க்கவில்லை என்று சொன்னோம்.