ஒன்றும் ஒன்றும் பதினொன்று!



நம் நூலகக் கணினியில் தெரியும் புத்தகப் பட்டியலைச் செய்தவன் நான்தான். போன மாதம் ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தால் வந்த குளறுபடிக்குக் காரணமும் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டியல் இருப்பது பள்ளி சர்வரில். பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் அதைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அதற்கு ‘ஃபெட்ச்’ என்று ஒரு கட்டளை. ‘போய் எடுத்து வா’ என்பதுதான் அதன் அர்த்தமே! நான் எழுதியது டைப்ஸ்கிரிப்ட் மொழியில்; மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்டது. எது எண், எது எழுத்து என்று இதில் முதலிலேயே சொல்லி வைக்கலாம். மாற்றிப் போட்டால் எழுதும்போதே சிவப்புக் கோடு காட்டும். புத்தக இருப்பை ‘எண்’ என்று எழுதினேன். ஒரு கோடுகூட வரவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்!

அலமாரியில் 1 புத்தகம் இருந்தது. வெளியே போன இன்னொன்று திரும்பி வந்தது. மொத்தம் 2 தானே? பக்கம் 11 என்றது! பிறகு இரண்டையும் இரண்டு பேர் எடுத்துப் போனார்கள். பக்கத்தில் 9. அலமாரியோ காலி.

எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பேச்சுப் போட்டிக்காக மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேடியிருக்கிறாள். நூலகர் சார், புத்தகம் அடுக்கும் தம்பிகள் இருவரையும் கூப்பிட்டு, “ஒம்பது புக்கும் எங்கடா போச்சு?” என்றார். ஒருவன் அழுதேவிட்டான். பக்கத்தில் நின்ற நான், “என் புரோகிராம்ல தப்பு வராது சார்” என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் மிஸ் ஒன்றுதான் கேட்டார்: “சர்வர்ல இருந்து என்ன வந்துச்சுன்னு பாத்தியா?”

பார்த்தேன். பட்டியலைத் தட்டச்சு செய்தபோது 1-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறோம். அப்படிப் போட்டால் அது எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு 1-ஐக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு 11 ஆகும். கழிக்கும்போது மட்டும் எண்ணாகிவிடும்; அதனால்தான் 10, பிறகு 9.

டைப்ஸ்கிரிப்ட் சரிபார்ப்பது நாம் எழுதியதை மட்டும். பிரவுசருக்குப் போகும்போது அந்தக் குறிப்புகள் எல்லாம் நீக்கப்பட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடும். ‘எண்தான் வரும்’ என்று நான் சொன்னதை அது அப்படியே நம்பிவிட்டது.

இப்போது வந்தது எண்தானா என்று சோதித்த பிறகே பக்கம் காட்டும். இன்னொன்றும் கற்றேன்: ‘கோப்பு இல்லை’ என்று சர்வர் 404 அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. அதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

நூலகர் சார் முன்னாலேயே தம்பிகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லண்ணே” என்றான் அழுதவன்.

நண்பர்களே, வெளியிலிருந்து வருவதை வாங்கும்போதே சோதியுங்கள். தப்பு நடந்தால் அடுத்தவரைப் பார்க்கும் முன் நாம் எழுதியதைப் பார்ப்போம்.

– பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு