செம்பனை பிறந்த வீட்டில் சில வாரங்கள்

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. செம்பனைக் குலை வெட்டியிருப்பீர்கள், சுமந்திருப்பீர்கள், உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கி முதுகு ஒடிந்திருப்பீர்கள். என்றைக்காவது அந்தப் பழத்தை வேகவைத்துக் குழம்பு காய்ச்சிச் சாப்பிட்டதுண்டா? "இதென்ன பைத்தியக்காரக் கேள்வி!" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. நானும் 57 வயது வரை அப்படிச் சிரித்திருக்கக்கூடியவள்தான். அந்தக் குழம்பை எனக்கு முதலில் ஊற்றியவர் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் ஒரு தாய். அவர் வீட்டில் நான் தங்கிய முதல் சில வாரங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, 2018இல் ஓய்வு பெற்று, ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். ஊரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆட்கள் இன்னும் செர்டாங் பாரு என்றுதான் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தின்போது, சுற்றுவட்டாரச் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து முள்வேலிக்குள் வைத்த புதுக்கிராமம் அது. ஒரு பக்கம் ஈய லம்பம் தோண்டிய பெரும்பள்ளம். இன்று அது ஏரி, கரையில் பேரங்காடி. இன்னொரு பக்கம் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் கல்விக்கூடம்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறையப் பேர் படிக்க வருகிறார்கள். எங்கள் அடுக்குமாடியிலும் இருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் ஒருவர் மின்தூக்கியில் நின்றால், நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்று அடுத்ததில் ஏறுவேன். அதோடு போகவில்லை. ஒருநாள் மாலை, "ஆப்பிரிக்கர்களுக்கு அறை வாடகைக்கு விடக்கூடாது" என்று வீட்டு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ளும் கடிதம் ஒன்று வீடு வீடாக வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டேன். பாலைக் காரணம் சொல்கிறேனே தவிர, பால் பொங்காவிட்டாலும் போட்டிருப்பேன்.

"அப்படிப்பட்டவள் ஆப்பிரிக்காவுக்கு ஏன் போனாய்?" என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களைச் சில மாதங்களுக்கு வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் தொண்டாக அனுப்பும் அமைப்பு ஒன்றில் விண்ணப்பித்தேன். நாடுகளின் பட்டியலில் கானாவும் இருந்தது. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். "டீச்சர், நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று ஒரு பையன் கேட்டது மனத்தில் கிடந்தது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி, மலேரியாவுக்கு மாத்திரை, ஊறுகாய் இரண்டு போத்தல். 2019 ஜூன் மாதம் துபாய் வழியாக அக்ரா போய் இறங்கினேன். அங்கே கடிகாரம் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால்.

கொஃபோரிடுவா என்பது கானாவின் கிழக்கு மாநிலத் தலைநகர். அதற்கு அப்பால், செம்மண் சடக்கு ஓரமாக ஒரு கிராமம். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள், முற்றத்து மூலையில் அடுப்பு, ஆடு, கோழி, துவைத்த துணி. பார்த்ததும் எனக்கு எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுத்தாய் அறுபதைத் தாண்டியவர், சந்தையில் வெங்காயம் விற்பவர். "மாமே" என்றால் அவர்கள் பேசும் துவி மொழியில் அம்மா. எனக்கும் அவர் மாமேதான்.

போனதும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு பெரியவர், "இங்கே எல்லாம் நலம். நீங்கள் வந்த காரியம் என்ன?" என்று முறைப்படி கேட்டார். காரியம் எல்லோருக்கும் முன்பே தெரியும். இருந்தாலும் வந்தவர் வாயால் சொல்லக் கேட்பது அங்கே மரியாதை. நான், "பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வந்தேன்" என்றேன். சேவை! அடுத்த இரண்டு வாரம் என்னை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவிடவில்லை அவர்கள்.

அதிகாலையில் குளியலறை வாசலில் எனக்காக வாளி நிறைந்திருக்கும். தனி மேசையில், தனித் தட்டில், கரண்டி வைத்துச் சாப்பாடு. கூட்டினால் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்ததிலிருந்து மொத்த வீட்டுக்கும் புகைபோட்ட மீன்தான். முற்றத்தில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டு ஒரே சட்டியில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். நான் அறைக்குள் கவுரவமாக உட்கார்ந்திருப்பேன். விருந்தாளியாக இருப்பது இவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அதுவரை தெரியாது. தெருப் பிள்ளைகளோ என்னைக் கண்டால் "ஒப்ரோனி, ஒப்ரோனி!" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். அர்த்தம் கேட்டேன். வெள்ளைக்காரியாம்! என் நிறத்தை உங்களுக்கு எப்படிக் காட்டுவேன்? எங்கள் தோட்டத்தில் என்னைக் "கருப்பாயி" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்த எவரும் அங்கே ஒப்ரோனிதான் என்று பிறகு விளக்கினார்கள்.

நான்காம் நாள் இன்னொன்று தெரிந்தது. இரவில் மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் நின்றது. மெழுகுவர்த்தி கேட்கலாமென்று மூத்த மகளின் அறைக் கதவைத் தட்டினேன். தரையில் பாய் விரித்து மாமே படுத்திருந்தார். அப்போதுதான் புரிந்தது: எனக்குக் கொடுத்திருந்தது அவருடைய அறை, அவருடைய கட்டில். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு குற்றமும் செய்துவிட்டேன். பள்ளிக்குப் போகும் வழியில், மாமர நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர்களைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நடந்தேன். இங்கே அடுக்குமாடியில் நடக்கிற பழக்கம். சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. "உன் வீட்டு ஒப்ரோனிக்கு எங்கள்மேல் என்ன கோபம்?" என்று கேட்டனுப்பியிருந்தார்கள். கும்பிடு போடாமல் ஒருவரைக் கடந்து போவது அங்கே திட்டுவதற்குச் சமம். காலையில் "மாச்சே", மதியம் "மாஹா", மாலையில் "மாஜோ". கூட்டமாக இருந்தால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வலக்கை கொடுக்கவேண்டும். மாமேயின் மூத்த மகள் என்னை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கவைத்தாள். அந்தப் பெரியவர்களில் ஒருவர், நான் என்ன கிழமையில் பிறந்தேன் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று அம்மா சொல்வார். "அப்படியானால் நீ அஃபுவா" என்றார். அங்கே கிழமையே பெயர். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி. ஐக்கிய நாட்டுச் சபையின் செயலாளராக இருந்தாரே கோஃபி அன்னான், அவர் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. கானாவின் முதல் தலைவர் குவாமே நுக்ருமா சனிக்கிழமை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிடைத்தது. ஒப்ரோனி கொஞ்சம் குறைந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் எங்கும் பிள்ளைகள்தான். நான் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டது அதிகம் என்றால் உபசார வார்த்தை என்பீர்கள். கணக்குப் பார்த்தால் அதுதான் உண்மை.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாமேயின் தம்பி வந்தார். அக்கான் மக்களுக்குத் தாய்வழிதான் குலம். தாய்மாமனை "வோஃபா" என்பார்கள். நம் வழக்கத்தில் மாமன் சீர் செய்வதோடு சரி. அங்கே பழைய முறைப்படி மாமனின் சொத்தே மருமகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கும் உரிய பங்கு வேண்டும் என்று 1985இல் சட்டம் வந்தது. இருந்தாலும் மருமகன் படிப்பு என்றால் வோஃபாதான் முன்னே நிற்பார். அவருடன் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். அவருடைய கடைசித் தங்கை மகன்.

"உங்கள் நாடும் எங்கள் நாடும் ஒரே வயது" என்று ஆரம்பித்தார் வோஃபா. உண்மைதான். கானா 1957 மார்ச் 6, மலாயா அதே ஆண்டு ஆகஸ்டு 31. "எங்களிடமிருந்து செம்பனை விதை கொண்டுபோய்ப் பெரிய பணக்காரர்களாகிவிட்டீர்களாமே!" கானாவில் இதைச் சொல்லாத ஆளே இல்லை என்று நினைக்கிறேன். 1848இலேயே டச்சுக்காரர்கள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் 4 கன்றுகளை வைத்ததையும், 1917இல் நம் கோல சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதலில் வியாபாரப் பயிரானதையும் சொன்னேன். "மரம் பணக்காரமரம்தான். ஆனால் என் அம்மா வாங்கியது நாள் கூலி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். பையனுக்கு மலேசியாவில் படிக்க ஆசை. கட்டணத்தை எப்படியோ பார்த்துக்கொள்வார். "நீங்கள் இருக்கும் ஊரில் இவனுக்கு ஒரு அறை கிடைக்குமா?"

மாமே என்னைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். நான் படுத்து எழுந்து வந்தது மாமேயின் கட்டிலிலிருந்து. என் கையெழுத்து இருந்தது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு காகிதத்தில். "கிடைக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. கோழி ஒன்று முற்றத்தைக் கடந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது முற்றத்தில் ஒரு செம்பனைக் குலை கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குச் சொந்தமாக ஏழெட்டு மரம். குலையைப் பிளந்து, முள்ளுக்குள்ளிருந்து பழத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் பெண்கள். எவரையும் கேட்கவில்லை நான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த முள் எந்தப் பக்கம் குத்தும், பழத்தை எப்படித் திருகினால் கழலும் என்று இந்தக் கை மறக்குமா? பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கிய கை. என் சாக்கு முதலில் நிறைந்தது. மாமே என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஃபுவா, நீ எங்கள் வேலைக்காரி என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். முற்றமே சிரித்தது.

அந்தச் சமையலைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பழத்தைக் கழுவி வேகவைத்து, உரலில் கொட்டை உடையாமல் பதமாக இடிப்பார்கள். வெந்நீர் விட்டுக் கரைத்து, நாரையும் கொட்டையையும் வடித்துவிட்டால், தேங்காய்ப்பால்போலக் கெட்டியாகச் செந்நிறச் சாறு. அதில் தக்காளி, வெங்காயம், காரமிளகாய், புகை மீன் போட்டு, மேலே எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிடுவார்கள். கூடவே ஃபூஃபூ: மரவள்ளியும் வாழைக்காயும் அவித்து, ஒருவர் நின்று நீண்ட உலக்கையால் இடிக்க, இன்னொருவர் உட்கார்ந்து கையால் திருப்பிக்கொடுக்க, களிபோல் உருண்டுவரும். அதை மெல்லக்கூடாது, விழுங்கவேண்டும். நான் மென்றுவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள். அன்று முதல் எனக்குத் தனி மேசை இல்லை.

சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைப் பற்றிச் சொன்னேன். 1970களில் நம் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு வேலை இருந்ததே, நினைவிருக்கிறதா? பவுடரோடு கலந்த மகரந்தத் தூளை, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதுவது. ஊதாவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் இந்த மரத்துக்கு மகரந்தம் சுமக்க ஒரு சின்ன வண்டு உண்டு. நம் நாட்டுக்கு மரம் வந்தது, வண்டு வரவில்லை. ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்தார். 1981இல் ஜொகூரில் விட்டார்கள். அத்தோடு அம்மாவின் வேலை போயிற்று. வேறு வெளிக்காட்டு வேலைக்கு மாற்றினார்கள்.

மாமே வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "அப்படியானால் அத்தனை வருடமும் எங்கள் வண்டின் வேலையை உன் அம்மாவா செய்தார்!" என்றார். பிறகு, "பாவம், கால் வலித்திருக்கும்" என்றார். அம்மா செத்துப் பல வருடம் ஆகிறது. அவருக்குக் கால் வலித்திருக்கும் என்று எவரும் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஆகஸ்டில் திரும்பினேன். வந்த மறுநாள் அந்தக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டவரைத் தேடிப்போய், என் பெயரை அடித்துவிடும்படி கேட்டேன். "அது எப்போதோ கொடுத்தாயிற்றே டீச்சர், யாருக்கு ஞாபகம் இருக்கிறது?" என்றார். மின்தூக்கியில் ஏழாம் மாடி மாணவர் நின்றிருந்தார். ஏறினேன். "மாச்சே" என்றேன். அவர் விழித்தார். "ஆண்ட்டி, அது கானா பாஷை. நான் நைஜீரியா!" கானாவில் நான் ஜொல்லோஃப் சோறு சாப்பிட்டேன் என்றதும் முகம் சுளித்து, எங்கள் ஊர் ஜொல்லோஃப் சாப்பிடாமல் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஏழாம் மாடி வரைக்கும் வாதாடினார். செம்பனைப் பழக் குழம்பு அவர்களிடமும் உண்டாம், பங்கா என்று பெயராம்.

அந்த ஆண்டு இறுதியில் அவருக்கு அறையைப் புதுப்பித்துத் தரவில்லை. வேறு தாமானுக்குப் போய்விட்டார். வோஃபாவின் மருமகன் பலமுறை எனக்குச் செய்தி அனுப்பினான். நான் அறை தேடினேன். மூன்று பேர், எந்த நாட்டுப் பையன் என்று கேட்டுவிட்டு, பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நம் எல்லைகளை மூடினார்கள். பையனை வோஃபா குமாசி நகரத்திலேயே படிக்கச் சேர்த்துவிட்டார். அவன் வராமல் போனதில் எனக்கு வருத்தமா நிம்மதியா என்று கேட்டால், இன்னும் பதில் தெரியவில்லை.

ஏழாம் மாடிப் பிள்ளை வீடு மாறும்போது, ஆப்பிரிக்கப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய சிவப்புச் செம்பனை எண்ணெய் ஒரு போத்தல் என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முருங்கைக்கீரை வதக்கும்போது ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.