இருநூறுக்கு நாற்பது

 இங்கே எமரால்டில் நாலு நாளாக மூடுபனி. துணி காயவில்லை, தோட்டத்து வேலையும் இல்லை. எழுத நேரம் கிடைத்தது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். குடும்பத்தோடு இலங்கை போகிறானாம். "டீச்சர், நீங்க போயிட்டு வந்தீங்களே, அங்க இறங்கினதும் கைக்காசுக்கு என்ன பண்றது?" என்றான். போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். எல்லாருக்கும் பயன்படட்டும். ஆனால் முதலில் ஒரு பழைய கதை.

1974. எனக்கு ஒன்பது வயது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் அடக்கம். ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அப்பாவின் சேமலாப நிதி பேங்க் வழியாகப் பிறகு வரும் என்றார்கள். கையில் இருந்தது அம்மா தேயிலை டின்னுக்குள் வைத்திருந்த 200 ரூபாய். எல்லாம் இலங்கைப் பணம்.

தம்பி பசியில் கத்துகிறான். டீக்கடைக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்க செல்லாதுங்க" என்றார். அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். மொத்தத்துக்கும் நாற்பது தருகிறேன், முகாமுக்குப் போனால் இதுவும் கிடைக்காது என்றார். அப்பாவுக்குப் படிப்பில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி. நோட்டுகளை என் கையில் கொடுத்து, "சரியா இருக்கா பாரு புள்ள" என்றார். எண்ணினேன். "சரியா இருக்கு அப்பா" என்றேன்.

மண்டபம் முகாமில் மூன்றாம் நாள்தான் தெரிந்தது, பக்கத்துக் குடும்பம் அதே தொகைக்கு நூறுக்கு மேல் வாங்கியிருக்கிறது. அப்பா என்னைத் திட்டவில்லை. "புள்ள எண்ணினது சரிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். பிறகு இந்த மலைக்கு வந்து, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்து என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார். அந்த நாற்பது ரூபாயைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் பேசவில்லை. இப்போது அவர் இல்லை.

சரி, தம்பிக்கு வருகிறேன். ஏடிஎம் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கும், கிளம்புமுன் திறந்து வை. இந்திய நோட்டு ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் கொண்டுபோகலாம். கொஞ்சம் டாலர் வைத்துக்கொள். 2024 பிப்ரவரி 12 முதல் அங்கே நம் யுபிஐயும் உண்டு, ஆனால் ஆட்டோக்காரருக்கும் கோயில் வாசல் பூக்காரம்மாவுக்கும் காசுதான். ஏர்போர்ட்டில் முதல் இரண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் மாற்று. பலகையில் எழுதிய விலையைப் பார்த்து மயங்காதே. எல்லாக் கழிவும் போக கையில் எவ்வளவு வரும் என்று கேள். அங்கே ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, "இந்திய ரூபாயிலேயே கணக்கிடவா?" என்று மிஷின் மரியாதையாகக் கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. அந்த மரியாதைக்குத் தனி விலை உண்டு! இலங்கை ரூபாயையே தேர்ந்தெடு.

போன வருடம் கட்டுநாயக்காவில் நான் மூன்று பேங்க் கவுண்டரில் விலை கேட்டேன். மகளுக்கு ஒரே வெட்கம். "அம்மா, பத்து ரூபா வித்தியாசத்துக்கா?" என்றாள். கடைசியில் ஒரு கவுண்டரில் நூறு டாலரை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நோட்டுகளைத் தள்ளிவிட்டு, "சரியா இருக்கா அம்மா?" என்று தமிழில் கேட்டாள். இரண்டு தடவை எண்ணிவிட்டேன். பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரசீது வாங்கி வைத்துக்கொள், தம்பி. மிச்சப் பணத்தைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.